சிறுவயதுச் சடங்குக் கொடுமையும் வளர்ந்தோரிடம் காணும் குறிகளும்

பேய் ஓட்டுவதாகச் சொல்லிச் சங்கிலியால் கட்டி அடிப்பதும், நோய் தீரும் என்று குழந்தையை முள்ளின்மேல் எறிவதும் கர்நாடகத்தில் குற்றங்களாகும். இதற்கான சட்டம் 2017-இல் இயற்றப்பட்டு 2020-இல் நடைமுறைக்கு வந்தது. சிறுமியருக்குப் பொட்டுக் கட்டுவதைச் சென்னை மாகாணம் 1947-லும், கர்நாடகம் 1982-லும் தடை செய்தன. ஆனால், இளமையில் இவற்றுக்கு ஆளாகி இன்று நடுவயதை எட்டியவர் மருத்துவரிடம் எந்நிலையில் வருகிறார்?

பெரும்பாலும் உடல் உபாதையோடுதான் வருகிறார். உறக்கமின்மை, காரணம் புலப்படாத வலி, உடுக்கை ஒலி கேட்டதும் நெஞ்சு படபடத்தல், பழைய நிகழ்ச்சி கண்முன் மீண்டும் நடப்பதுபோன்ற திகில், சிறிது நேரம் தன்னை மறந்திருத்தல் ஆகியவை காணப்படும். சிலருக்குக் கைகால்கள் வெட்டியிழுக்கும். வலிப்பு என்றெண்ணி ஆண்டுக்கணக்கில் மாத்திரை உண்போரும் உண்டு. இழுப்பு நேரும்போதே மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்து பார்த்தால் வலிப்புக்குரிய மாறுதல் இராது. அதனை நடிப்பு என்று வீட்டார் ஏசுவது கொடுமை. அவர் வேண்டுமென்று செய்வதன்று அது.

எனினும், இக்குறிகளுள் எதுவும் இன்ன சடங்கு நடந்தது என்று சாட்சி கூறாது. விபத்தும் வீட்டில் பட்ட அடியும்கூட இவற்றை விளைவிக்கும். அமெரிக்காவில் சாத்தான் வழிபாட்டில் குழந்தைகள் வதைக்கப்பட்டதாக 1980-களில் பெரும்பீதி பரவியது. மெக்மார்ட்டின் பாலர் பள்ளி வழக்கு 1990 வரை நடந்தும் எவர்மீதும் குற்றம் நிலைநாட்டப்படவில்லை. குழந்தைகளிடம் கேட்ட கேள்விகளிலேயே விடையும் பொதிந்திருந்தது. வளர்ந்தவர் மனத்திலும் நடவாத நிகழ்ச்சியை நினைவாகப் பதிக்க இயலும் என்பதை எலிசபெத் லாஃப்டஸ் 1995-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. அதில் ஏறக்குறைய நால்வரில் ஒருவர் நம்பினர்.

ஆகவே சொல்வதெல்லாம் கற்பனை என்று தள்ளிவிடலாமா? கூடாது. மத்திய அரசு 2007-இல் வெளியிட்ட ஆய்வில், வினவப்பட்ட குழந்தைகளில் பாதிக்கு மேற்பட்டோர் ஏதேனும் ஒருவகைப் பாலியல் கொடுமைக்கு ஆளானதாகக் கூறினர்.

பெங்களூர்த் தமிழர் பலருக்கு மருத்துவரிடம் பேச உறவினரே துபாஷியாக அமைகிறார். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு இது அச்சம் தருவது. 'ஏதோ பயமாயிருந்தது' என்பதைப் 'பூசாரி பயமுறுத்தினான்' என்று மாற்றினால் புதியதொரு நினைவு பிறந்துவிடும். மறைத்தாலோ உண்மை புதைந்துவிடும். அன்று அச்சடங்குக்கு அழைத்துச் சென்றவரே இன்று துபாஷியாக உடன் வந்திருக்கவும் கூடும்! நோயாளி தம் மொழியில், தனித்துப் பேச வசதி கேட்பதே நலம். ஓசூர்ச் சாலையிலுள்ள நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் இந்நோய்களுக்குச் சிகிச்சை உண்டு. 14416 என்னும் இலவசத் தொலைபேசி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.