வாட்ச் முகத்தில் உங்கள் அறை

பழைய எச்.எம்.டி. ஜனதா வாட்ச் ஒன்றை விற்பதற்காக யாராவது இணையத்தில் போட்டிருக்கும் படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கிப் பாருங்கள். டயலின் குறுக்கே ஒரு டியூப்லைட் வெள்ளையாகக் கிடக்கும். ஓரத்தில் ஜன்னல் கம்பிகள். விளிம்பில் செல்போனைப் பிடித்திருக்கும் இரண்டு கைகள். வாட்ச் அருமையான நிலையில் இருக்கலாம், ஆனால் படத்தைப் பார்த்தால் அது தெரியாது. பழி முழுக்க கேமராவின் மேல் விழும். இன்றைய நடுத்தர விலை செல்போன் கேமராவே இந்த வேலைக்குத் தாராளமாகப் போதும். கவனிக்க வேண்டியது வாட்சைச் சுற்றி என்ன இருக்கிறது என்பதைத்தான்.

காகிதம், துணி, சுண்ணாம்புச் சுவர் போன்றவற்றின் மேல் விழும் ஒளி எல்லாத் திசையிலும் சிதறுகிறது. அதனால் எங்கிருந்து பார்த்தாலும் அவை ஏறக்குறைய ஒரே மாதிரி தெரியும். பாலிஷ் செய்த எஃகு அப்படியில்லை. விழுந்த கோணத்திலேயே ஒளியைத் திருப்பி அனுப்பிவிடும். எதிரில் வெள்ளை இருந்தால் வெள்ளை, கறுப்பு இருந்தால் கறுப்பு. சொந்த நிறம் என்று அதற்குப் பெரிதாக ஒன்றும் கிடையாது. ஆகவே வாட்சைப் படமெடுப்பவர் எடுப்பது, பாதிக்குமேல், அந்த வாட்சுக்குத் தெரிகிற அறையை. வாட்சின் மேல் எவ்வளவு வெளிச்சம் பாய்ச்சுவது என்று யோசிப்பதை விட்டுவிட்டு, வாட்சுக்கு எதை எதிரில் காட்டுவது என்று யோசித்தால் பாதி வேலை முடிந்தது.

இதில் கண்ணாடியும் சேர்ந்துகொள்கிறது. 1961-ல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு கைகோத்து வாட்ச் தயாரிப்பில் இறங்கிய எச்.எம்.டி., ஜனதா போன்ற சாவி கொடுக்கும் வாட்சுகளுக்கு அக்ரிலிக் மூடியைப் பொருத்தியது. அக்ரிலிக்கின் ஒளிவிலகல் எண் சுமார் 1.49. அதன் ஒரு பரப்பில் நேராக விழும் ஒளியில் ஏறத்தாழ 4 சதவீதம் திரும்பிவிடும். விலை உயர்ந்த வாட்சுகளில் வரும் சஃபையருக்கு இந்த எண் 1.77, ஒரு பரப்புக்கு 8 சதவீதம், உள்ளும் வெளியுமாக இரண்டு பரப்புக்கும் சேர்த்தால் 15 சதவீதத்தை நெருங்கும். எளிதில் கீறல் விழாத சஃபையர், பிரதிபலிப்பைக் குறைக்கும் பூச்சு இல்லாவிட்டால், அக்ரிலிக்கைவிட மோசமாகப் பளிச்சிடுவது இதனால்தான். 4 சதவீதம் கேட்கச் சிறிதாக இருக்கலாம். ஆனால் எரியும் டியூப்லைட், அதன் ஒளி பட்ட வெள்ளை டயலைவிட நூறு மடங்குக்கு மேல் பிரகாசமானது. அதில் 4 சதவீதம் டயலை மறைக்கப் போதும்.

கையில் வைத்துப் பார்க்கும்போது இந்தத் தொந்தரவு ஏன் தெரிவதில்லை? நமக்கு இரண்டு கண்கள். கண்ணாடியில் தெரியும் பிம்பம் ஒவ்வொரு கண்ணுக்கும் டயலில் வேறு இடத்தில் விழுகிறது. மணிக்கட்டைச் சற்றுத் திருப்பினாலும் நகர்கிறது. டயலோ நகர்வதில்லை. நகர்வதை ஒதுக்கி, நிலையாக இருப்பதை மூளை எடுத்துக்கொள்கிறது. கேமராவுக்கு இருப்பதோ ஒற்றைக் கண். அந்த ஒரு நொடியில் இருந்ததை இருந்தபடி பதிந்துவிடும்.

ஏற்பாட்டுக்கு அதிகம் செலவில்லை. வெயில் நேரடியாக விழாத ஜன்னலோரம் ஒரு மேஜை, ஒரு பட்டர் பேப்பர், ஒரு தெர்மாகோல் பலகை, கறுப்பு சார்ட் அட்டை போதும். ஜன்னலுக்கும் வாட்சுக்கும் நடுவே பட்டர் பேப்பரைக் கட்டுங்கள். அது வாட்சை நெருங்க நெருங்க, வாட்சுக்குத் தெரியும் ஒளிப்பரப்பு பெரிதாகும். வாட்சின் உலோகக் கூடான கேஸின் வளைவுகளில் வெளிச்சம் திட்டுத் திட்டாக இல்லாமல் மெதுவாக மங்கிச் செல்லும். எதிர்ப்பக்கம் தெர்மாகோல் வைத்தால் நிழல் தளரும். நாலாபுறமும் வெள்ளையால் மூடிவிடுவது மட்டும் எனக்குப் பிடிக்காது. அப்படி எடுத்த படத்தில் எஃகு வெளிறிப்போய் உலோகமாகவே தெரியாது. ஒரு விரல் அகலக் கறுப்பு அட்டைத் துண்டுகளைக் கேஸின் இரு பக்கமும், படத்தில் விழாதபடி நிறுத்திப் பாருங்கள். விளிம்பில் ஒரு கருங்கோடு ஓடும். உருட்சியும் கனமும் உடனே வந்துவிடும்.

அடுத்தது கண்ணாடி. செல்போனை நேர் மேலே பிடித்தால் கண்ணாடியில் செல்போனே தெரியும். சற்றுச் சாய்த்து எடுத்தால், கண்ணாடியில் தெரிவது அதே கோணத்தில் எதிர்ப்பக்கம் இருக்கும் பொருள். அந்த இடத்தில் கறுப்பு அட்டையை வையுங்கள். கண்ணாடி இருப்பதே தெரியாது. இங்கேதான் உண்மையான சிக்கல் பிறக்கிறது. தட்டையான, பளபளப்பான முட்களும் கண்ணாடிக்கு இணையாகத்தான் கிடக்கின்றன. கண்ணாடிக்குக் கறுப்பைக் காட்டினால் முட்களும் கறுக்கும். வெள்ளை டயலில் அது நல்லதே. முள் எடுப்பாகத் தெரியும். கறுப்பு டயலில் முள் காணாமல் போகும். வெள்ளையைக் காட்டினால் முள் மின்னும், கண்ணாடியோ பனி படர்ந்ததுபோல் ஆகிவிடும். நடுவில் மடிப்பு வைத்த முட்கள் இருந்தால் தப்பிக்கலாம். அவற்றின் இரு சரிவுகளும் வெவ்வேறு திசையைப் பார்க்கின்றன. ஒன்றுக்கு மட்டும் வெள்ளை தெரியும்படி பட்டர் பேப்பரை நகர்த்தலாம். குமிழ்போல் எழும்பிய அக்ரிலிக் அறை முழுவதையும் பார்க்கும் குவியாடி. அதில் ஒரு சிறு ஒளிப்புள்ளி மிஞ்சத்தான் செய்யும். அதை டயலின் எழுத்துகள் இல்லாத ஓரத்துக்குத் தள்ளிவிட்டால் போதும்.

நீல முட்கள் தனி அழகு. எஃகை ஏறத்தாழ 300 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கும்போது அதன்மேல் மிக மெல்லிய ஆக்சைடு படலம் உருவாகிறது. படலத்தின் மேலும் அடியிலும் பட்டுத் திரும்பும் அலைகளின் குறுக்கீட்டால் நீலம் பிறக்கிறது. சாயம் எதுவும் கிடையாது. திருப்பி அனுப்ப ஒளி இல்லாவிட்டால் நீலமும் இல்லை. கறுப்பு அட்டையைக் காட்டினால் முள் கரியாகத் தெரியும். வெள்ளைத் தாளின் ஓரத்தை மெல்ல அதன் எதிரே நகர்த்திப் பாருங்கள், ஒரு கோணத்தில் நீலம் சட்டென்று பற்றிக்கொள்ளும்.

மையத்திலிருந்து கதிர்போல நுண்கோடுகள் இழைத்த டயல்களில் விளக்கின் எண்ணிக்கையைக் கவனியுங்கள். ஒவ்வொரு கோடும் தன் நீளத்துக்குக் குறுக்கான திசையில் ஒளியை விசிறுகிறது. அதனால் ஒரே விளக்கு இருந்தால் டயலில் உடுக்கை வடிவில் இரண்டு ஒளிக்கதுப்புகள் எதிரெதிரே நிற்கும்; விளக்கை நகர்த்தினால் அவையும் சுழலும். இரண்டு மூன்று விளக்குகள் சேர்ந்தால் அந்த வடிவம் கலைந்து டயல் சாதாரண பெயின்ட் ஆகிவிடும். இத்தகைய டயலுக்கு ஒரே ஒரு விளக்கு என்பதே என் கட்சி.

போலரைசர் ஃபில்டர் வாங்கினால் எல்லாம் தீரும் என்று பலர் நம்புகிறார்கள். அது தடுப்பது தளவிளைவு அடைந்த, அதாவது ஒரே தளத்தில் அதிரும் ஒளியை மட்டும். கண்ணாடி திருப்பும் ஒளி முழுமையாக அப்படி ஆவது செங்குத்திலிருந்து சுமார் 56 டிகிரி சாய்வில், சஃபையருக்கு 60. நாம் வாட்சை எடுப்பதோ ஏறக்குறைய நேராக. உலோகத்தின் பளபளப்பு அதற்குப் பெரிதாக மசிவதுமில்லை. அந்தப் பணத்துக்கு நல்ல முக்காலி வாங்கலாம்.

ஜன்னல் வெளிச்சத்தோடு டியூப்லைட்டைக் கலக்க வேண்டாம். எஃகின் ஒரு பக்கம் நீலமும் மறுபக்கம் பச்சையுமாக ஆகும். இரவில் எடுப்பதானால், மலிவான எல்.இ.டி. பல்புகள் நொடிக்கு 100 முறை துடிப்பதால் ஷட்டரை 1/50 அல்லது 1/100-இல் வைத்தால் வரிகள் விழாது. செல்போனை மிக நெருக்கிப் பிடித்தால் கேஸ் உப்பித் தெரியும். தள்ளி நின்று 2 மடங்கு ஜூமில் எடுங்கள். முட்களை 10 மணி 10 நிமிடத்தில் நிறுத்துவது விளம்பர உலகின் நெடுநாள் வழக்கம். டயலிலுள்ள பெயர் மறையாது. அப்படி நிறுத்திய வாட்ச் பார்ப்பவரின் மனநிலையையும் வாங்கும் எண்ணத்தையும் உயர்த்துவதாக 2017-இல் வெளியான ஓர் உளவியல் ஆய்வும் சொன்னது.

விற்பனைக்கான படம் என்றால் கடைசியாக ஒன்று எடுங்கள். பட்டர் பேப்பரைக் கழற்றிவிட்டு, கண்ணாடிக்குக் கறுப்பு அட்டையைக் காட்டி, மேஜையோடு மேஜையாகப் பக்கவாட்டிலிருந்து சிறு டார்ச்சை அடியுங்கள். வழவழப்பான பரப்பு இருட்டாகவே நிற்கும். ஒவ்வொரு கீறலின் விளிம்பும் ஒளியைச் சிதறடித்து வெள்ளை நூலாக எழும். அக்ரிலிக்கின் மெல்லிய கீறல்கள் மெருகேற்றினால் போகும், சஃபையரில் விழுந்தவை அவ்வளவு எளிதில் போகா. வாங்குபவர் இரண்டு விதப் படங்களையும் பார்த்து விலை பேசட்டும்.