ஆர்.எக்ஸ்.100 பைக்கில் கியர் ஆயில் ஒழுகுதா? சின்ன சீல்தான்... அலட்சியம் வேண்டாம்!

வேகத்துக்கு பேர் போன யமகா ஆர்.எக்ஸ்.100 பைக் 1985-ம் ஆண்டு இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. 1996-ல் தயாரிப்பு நின்று போனாலும் மவுசு குறையவில்லை. ஆனால் ஆசையாக வாங்கி வந்து நிறுத்தினால், மறுநாள் காலையில் தரையில் சொட்டு சொட்டாக ஆயில். 'பழைய வண்டின்னா ஒழுகத்தான் செய்யும்' என்று பலர் விட்டு விடுகிறார்கள். அதுதான் தப்பு.

என்ன ஆபத்து?

இது டூ ஸ்ட்ரோக் வண்டி. பெட்ரோலோடு எரியும் 2டி ஆயில் வேறு, கியர் பாக்சில் ஊற்றும் ஆயில் வேறு. கியரும் கிளட்சும் இந்த ஆயிலில்தான் ஓடுகின்றன. அது குறைந்தால் கியர் பல் தேயும், பேரிங் போகும். ஒழுகும் ஆயில் பின் டயரில் பட்டால் வளைவில் வண்டி வழுக்கும்.

எங்கே ஒழுகுது?

எஞ்சின் ஆறிய பிறகு அடிப்பகுதியை மண்எண்ணை போட்டு துடைக்க வேண்டும். ஒரு ரவுண்டு ஓட்டி விட்டு, அடியில் பேப்பர் விரித்து ராத்திரி முழுக்க நிறுத்தினால் குட்டு வெளிப்பட்டு விடும்.

டிரெயின் போல்ட் ஈரமாக இருந்தால் வாஷர் போயிருக்கும். இடது பக்கம் ஒழுகினால் செயின் ஸ்பிராக்கெட் சீல் அல்லது கியர் லிவர் சீல். வலது பக்கம் என்றால் கிக்கர் சீல் அல்லது கிளட்ச் கவர் பேக்கிங்.

சரி செய்வது எப்படி?

வாஷர் என்றால் ஆயிலை வடித்து புதுசு போட்டால் போதும். போல்ட்டை வெறி கொண்டு முறுக்கக்கூடாது. எஞ்சின் அலுமினியம் என்பதால் மரை போய்விடும்.

ஸ்பிராக்கெட் சீல் என்றால் கவர், செயின், ஸ்பிராக்கெட்டை கழற்றி, கெட்டியாகிப்போன பழைய சீலை ஷாப்டில் கீறல் விழாமல் நெம்பி எடுக்க வேண்டும். புது சீலின் உதட்டில் ஆயில் தடவி, ஸ்பிரிங் உள்ள பக்கம் உள்ளே பார்க்க, கோணாமல் தட்டி இறக்க வேண்டும். சீல் உரசும் இடத்தில் பள்ளம் விழுந்திருந்தால் புது சீலும் நிற்காது. மேலே எம்-சீல் அப்புவது வீண் வேலை.

புகை வந்தால் உஷார்

வெளியே ஒரு சொட்டுகூட விழவில்லை, ஆனால் கியர் ஆயில் குறைகிறது, சைலன்சரில் வெள்ளைப்புகை மண்டுகிறது என்றால் கிளட்ச் பக்க கிராங்க் சீல் போயிருக்கலாம். கியர் ஆயிலை எஞ்சினே உறிஞ்சி எரிக்கிறது என்று அர்த்தம். இது வீட்டில் பார்க்கும் வேலை இல்லை. விவரம் தெரிந்த மெக்கானிக்கிடம் உடனே விடுவது நல்லது.