உங்களுக்குத் தெரியுமா? கோடிழந்த கறுப்புப் பாம்பு

■ வட அமெரிக்காவின் குளக்கரைகளிலும் தோட்டங்களிலும் சாதாரணமாகத் தென்படுவது கார்ட்டர் பாம்பு. கருமையான உடலில் நீளவாக்கில் ஓடும் மூன்று மஞ்சள் கோடுகளே இதன் அடையாளம்.

■ ஆனால் அமெரிக்கா, கனடா எல்லையிலுள்ள ஈரி ஏரிப் பகுதியில் கோடே இல்லாத கறுப்புக் கார்ட்டர் பாம்புகள் நிறைய உண்டு. இவை தனி இனமல்ல. கோடுள்ள தாய்க்கே கறுப்புக் குட்டிகள் பிறக்கலாம்.

■ இதன் காரணத்தை விளக்கியவர்கள் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஃபிராங்க் பிளாஞ்சர்ட், ஃபிரீடா காப் பிளாஞ்சர்ட் தம்பதி. பாம்புகளை இணைசேர்த்துக் குட்டிகளின் நிறத்தைக் கணக்கெடுத்தார்கள். தாய், தந்தை இருவரிடமிருந்தும் கறுப்புக்கான மரபணு வந்தால்தான் அந்த நிறம் வெளிப்படும் என்று தெரிந்தது. ஊர்வனவற்றுக்கும் மெண்டலின் மரபியல் விதி பொருந்தும் எனக் காட்டிய முன்னோடி ஆய்வு இது. 1937இல் கணவர் மறைந்தார். ஆய்வு 1941இல் இருவர் பெயரிலும் வெளிவந்தது.

■ கறுப்பு உடல் குளிர்காலையில் வெயிலை விரைவாக உள்வாங்கும். ஆனால் புல்லிடையே மறைய உதவும் கோடுகள் இல்லாததால் எதிரிகளின் கண்ணில் எளிதில் படும்.

■ நிறத்துக்காகப் பாம்பு வளர்ப்போரும் மெண்டலின் விதியைத்தான் நம்புகிறார்கள். கறுப்புக்கான மரபணுவை மறைவாகச் சுமக்கும் இரண்டு பாம்புகள் இணைந்தால், சராசரியாக நான்கில் ஒரு குட்டி கறுப்பாகும். நிறத்தை நிலைநிறுத்த உடன்பிறப்புகளையே தொடர்ந்து இணைத்தால் சந்ததி நலிவடையும். உறவில்லாத பாம்புகளை இடையிடையே சேர்ப்பதே பொறுப்பான வளர்ப்பு.