வீட்டுத் தோட்டத்துக்கு எந்தத் தக்காளி?

2023ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் நாட்டின் பல நகரங்களில் ஒரு கிலோ தக்காளி 100 ரூபாயைக் கடந்து விற்றது வாசகர்களுக்கு நினைவிருக்கலாம். விலை ஏறும்போதுதான், மாடியில் இரண்டு தொட்டிகளேனும் வைத்திருக்கலாமே என்ற எண்ணம் எழுகிறது. ஆனால், விதைத்த நாளிலிருந்து முதற்பழம் பறிக்க ஏறத்தாழ மூன்று மாதங்கள் ஆகும். ஆகவே, எந்த இரகத்தை வளர்ப்பது என்பதை முன்கூட்டியே தீர்மானிப்பது நன்று.

தமிழகத்துத் தோட்டங்களுக்கு நன்கு பழகிய இரகம் பி.கே.எம்.1. அன்னஞ்சி என்னும் உள்ளூர் இரகத்திலிருந்து பெரியகுளத்தில் உருவாக்கப்பட்டது இது. சற்றே தட்டையான உருண்டைப் பழம். காம்பருகே பச்சை நிறம் படர்ந்திருக்கும். செடி குட்டையாக வளர்வதால் தொட்டிக்கும் ஏற்றது. புது தில்லியிலுள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் பூசா ரூபி நாடெங்கும் அறியப்பட்டது. இதற்குக் கம்பு நட்டுக் கட்டுவது அவசியம். குளிர்மிகுந்த வட மாநிலங்களில் வாழ்வோர், இரவு வெப்பநிலை 8 பாகை வரை இறங்கினாலும் காய்பிடிக்கும் பூசா ஷீதலைத் தேர்ந்தெடுக்கலாம். செடிகள் திடீரென வாடி மடியும் வாடல் நோய் மிகுந்த இடங்களுக்குக் கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் சக்தி இரகம் பொருந்தும்.

இலைச்சுருட்டு நச்சுயிரி, பாக்டீரியா வாடல், இலைக்கருகல் ஆகிய மூன்றையும் தாங்கவல்லது, பெங்களூருவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா ரக்ஷக். இது வீரிய ஒட்டு இரகம். விளைச்சல் மிகுதி என்பதில் ஐயமில்லை. எனினும் ஒவ்வொரு பருவத்துக்கும் புது விதை வாங்க வேண்டும்.

இதை நான் பட்டறிந்தே உணர்ந்தேன். நன்றாகக் காய்த்த ஒட்டுச் செடி ஒன்றின் விதைகளைச் சேமித்து மறு ஆண்டு விதைத்தேன். முளைத்த செடிகளோ ஒன்றுபோல் ஒன்று இல்லை. சில நெடிதாக வளர்ந்து சிறு காய்களையே தந்தன. சில நோய்க்கு இரையாயின. மூன்று மாத உழைப்பும் வீணாயிற்று. விதையின் மீது குறையில்லை; அதன் இயல்பை அறியாதது என் பிழை.

முன்னர்க் கூறிய நான்கு இரகங்களின் நிலை வேறு. தக்காளிப் பூ பெரும்பாலும் தன்மகரந்தச் சேர்க்கையால் காய்ப்பதால், ஒரே செடியிலிருந்தும் நம்பகமான விதை கிடைக்கும். செழிப்பான, நோயற்ற செடியில் நன்கு பழுத்த பழத்தைத் தேர்ந்தெடுங்கள். விதையைச் சாற்றுடன் ஒரு கிண்ணத்தில் வழித்தெடுத்து, இரண்டு நாள் புளிக்க விடுங்கள். பிறகு கழுவி, நிழலில் உலர்த்தி, காகித உறையிலிட்டுக் காற்றுப் புகாத புட்டியில் வையுங்கள். உறையின் மேல் இரகத்தின் பெயரையும் ஆண்டையும் எழுத மறவாதீர்கள். ஈரமும் வெப்பமும் அணுகாவிடில் மூன்று ஆண்டுகள் வரையேனும் முளைக்கும்.

முதன்முறை வளர்ப்போர் தம் பகுதிக்குரிய இரகத்தில் நான்கு செடிகளும், ஒட்டு இரகத்தில் ஒரு செடியும் வைத்துப் பார்க்கலாம். ஆறு மணி நேர வெயிலும், ஓர் அடி ஆழத் தொட்டியும், சீரான நீரும் போதும். விதைநெல்லைக் குத்திச் சமைக்கலாகாது என்பது நம் முன்னோர் காத்த நெறி. முதலைக் காப்பதன் அருமையை வங்கி வாடிக்கையாளர்களுக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. பறிக்கும் பழங்களுள் முதற்கொத்தின் சிறந்த பழம் ஒன்றை மட்டும் விதைக்கென விட்டு வையுங்கள்.