எலுமிச்சை ஊர்ப் பிள்ளைகளே... கரும்பு ஜூஸுக்குள் ஒரு விஞ்ஞானி இருக்கிறார், தெரியுமா?

புளியங்குடி என்றாலே எலுமிச்சை மார்க்கெட்தான். கரும்பு ஜூஸில் பிழியும் அந்தப் புளிப்பு எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், இந்த ஊர்க் குட்டீஸ் பட்டென்று சொல்லிவிடுவார்கள். சரி, அந்த இனிப்பு?

அதைத் தேடினால் கோவைக்குப் போக வேண்டும். அங்கே 1912-ல் கரும்பு இனப்பெருக்க நிறுவனம் தொடங்கப்பட்டது. ஏன் கோவை? வட இந்தியக் குளிரில் கரும்பு சரியாகப் பூக்காது, கோவையில் பூக்கும். பூத்தால்தானே இரண்டு ரகங்களைக் கலந்து புது ரகம் உண்டாக்க முடியும்! (கரணை வெட்டி நடுவதால், கரும்புக்குப் பூ உண்டு என்பதே நம்மில் பலருக்குத் தெரியாது.) காட்டில் புல்போல வளரும் ஒல்லிக் கரும்பையும் இனிப்புக் கரும்பையும் அங்கே கலந்தார்கள். தாக்குப்பிடிக்கும் பலம் ஒன்றிலிருந்து, இனிப்பு மற்றொன்றிலிருந்து.

1934-ல் அங்கு வேலைக்குச் சேர்ந்தவர் ஜானகி அம்மாள். 1897-ல் தலச்சேரியில் பிறந்தவர், சென்னையில் படித்தவர், 1931-ல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவர். கரும்பைச் சோளத்தோடும் மக்காச்சோளத்தோடும்கூடக் கலந்து பார்த்தார். மைக்ரோஸ்கோப்பில் குரோமோசோம்களை எண்ணுவதுதான் அவர் வேலை. மனிதர்களுக்கு 46, இன்றைய கரும்பு ரகங்களுக்கு நூறுக்கும் மேல். எண்ணிப் பாருங்கள், கண் வலிக்கும்!

1939-ல் இங்கிலாந்து போனவர், பயிர்களின் குரோமோசோம்கள் பற்றி டார்லிங்டனுடன் எழுதிய புத்தகம் 1945-ல் வந்தது. பத்மஸ்ரீ கிடைத்தது 1977-ல். அப்போது அவருக்கு 79 வயது.

எடிசன் கதை தெரிந்த பிள்ளைக்கு இவரைச் சொல்ல, பாடப்புத்தகம் வரை காத்திருக்க வேண்டாம். ஒரு கரும்புத் துண்டு போதும். கணுவில் இருக்கும் பருவைக் காட்டி, தொட்டியில் நட்டு வையுங்கள். முளை வரும்வரை தினமும் கேள்வி வரும்.