ஸ்பீக்கரில் போட்டால் பேச்சு 'கட்' ஆவது ஏன்?

தருமபுரி:
அரூர், பென்னாகரம் பக்கம் இருந்து மனு என்னாச்சு என்று கேட்க தருமபுரியில் ஒரு அலுவலகத்துக்கு போன் போடுகிறீர்கள். அங்கே மேஜை போனை ஸ்பீக்கரில் போட்டதும் உங்கள் பேச்சு துண்டு துண்டாகிறது. "சரியா கேக்கல, அப்புறம் கூப்பிடுங்க" என்று லைன் கட்!

இது சிக்னல் கோளாறாகத்தான் இருக்கும் என்பதில்லை. விலை குறைந்த பல மேஜை போன்களில் ஸ்பீக்கர், போலீஸ் வாக்கி-டாக்கி மாதிரி. ஒரு நேரத்தில் ஒருவர் குரல்தான் போகும். எந்தப் பக்கம் சத்தம் அதிகமோ அதைத் திறந்து, மறுபக்கத்தை அடைத்துவிடும். சில போன்கள் மின்விசிறி சத்தத்தையே பேச்சு என்று எடுத்துக்கொண்டு உங்கள் வாயை அடைப்பதும் உண்டு!

'ஃபுல் டூப்ளெக்ஸ்' ஸ்பீக்கர் உள்ள போனில் இருவரும் ஒரே சமயத்தில் பேசலாம். ஸ்பீக்கரில் வரும் உங்கள் குரல் மறுபடி மைக்கில் புகுந்து எதிரொலிக்காதபடி உள்ளே இருக்கும் சிப் கழித்துவிடும்.

சோதிப்பது சுலபம். நீங்கள் 1 முதல் 20 வரை நிறுத்தாமல் எண்ணுங்கள். அலுவலகத்தில் இருப்பவர் நடுவில் பேசும்போது அவருக்கு எண்கள் விட்டுப்போனால் அது பழைய வகைதான்.

ஸ்பீக்கர் சத்தத்தைக் குறைத்து, மைக் மேல் கிடக்கும் பைல்களை எடுத்தாலே ஓரளவு சரியாகும். இல்லாவிட்டால் "ரிசீவரை எடுத்துப் பேசுங்க சார்" என்று தயங்காமல் கேளுங்கள். ஆதார் எண் சொல்லும்போது கண்டிப்பாகக் கேளுங்கள். அந்த அறையில் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்களோ!