பப்ளிசிஸ்ட் எனப்படுபவர் யார்?



மணிமேகலைக் காப்பியத்தின் முதற் காதை விழாவறை காதை. இந்திரவிழா வரப்போகும் செய்தியைப் புகார் நகரத்தார் அறியும்பொருட்டு, முரசினை யானையின் பிடரியில் ஏற்றி அறைந்து அறிவிக்கின்றனர். அம்முரசொலியைக் கேட்ட எவருக்கும் அது யாருடைய செய்தி என்னும் ஐயம் எழுந்திராது. அரசனுடைய முரசு, அரசனுடைய செய்தி. இக்காலத்திலோ செய்தி நம் காதில் விழுகின்றது. முரசு அறைவித்தவர் யார் என்பது மட்டும் எளிதிற் புலப்படுவதில்லை. அவ்வாறு மறைவில் நின்று முரசு அறைபவரையே ஆங்கிலத்தில் ‘பப்ளிசிஸ்ட்’ என்கின்றனர்.

இச்சொல்லின் வரலாறு சுவையானது. முதலில் இது நாடுகளுக்கிடையே நிலவும் சட்டத்தை ஆராய்ந்து நூலெழுதிய அறிஞரைக் குறித்தது. 1625ஆம் ஆண்டிலே போர், சமாதானம் என்பவற்றின் நீதிபற்றிப் பெருநூல் வெளியிட்ட ஒல்லாந்து அறிஞர் குரோசியஸ் இவ்வகையினர். சர்வதேச நீதிமன்றத்தின் சாசனம் தனது 38ஆம் உறுப்புரையிலே, இச்சொல்லை இன்றும் இப்பொருளிலேயே ஆள்கின்றது. பின்னர், பொது விவகாரங்களைப்பற்றிப் பத்திரிகைகளில் எழுதுவோரையும் இது குறிக்கலாயிற்று. இறுதியாகவே, ஒரு கம்பனிக்கோ, நடிகருக்கோ, அரசியற் கட்சிக்கோ கூலி பெற்றுப் பேர் தேடிக்கொடுப்பவரைக் குறிப்பதாயிற்று. முன்னைய இருவரும் தம் பெயரால், தம் கருத்தைக் கூறினர். மூன்றாமவர் பிறர்க்காகப் பேசுகின்றார். இவ்வேறுபாட்டிலேதான் முழுச் சிக்கலும் அடங்கியுள்ளது.

இவர் விளம்பரம் செய்பவர் அல்லரோ என்று நீங்கள் வினவலாம். அல்லர். விளம்பரம் செய்பவர் பத்திரிகையில் இடத்தை விலைகொடுத்து வாங்குகின்றார். வாசிப்பவரும் அது விளம்பரம் என்று அறிந்தே வாசிக்கின்றார். பப்ளிசிஸ்டோ இடத்தை வாங்குவதில்லை. நிருபர்களுக்கு அறிக்கை எழுதிக் கொடுக்கின்றார். பேட்டிக்கு ஒழுங்கு செய்கின்றார். செய்தியாகத்தக்க நிகழ்ச்சிகளைத் தோற்றுவிக்கின்றார். அவர் தந்தது செய்தியாகவே வெளிவருகின்றது. ஆதலால் விளம்பரத்துக்கு இல்லாத நம்பிக்கை அதற்கு உண்டாகின்றது.

இத்தொழிலின் நன்மை தீமை இரண்டையும் ஒரே மனிதரின் வாழ்க்கையிற் காணலாம். அவர் அமெரிக்கரான ஐவி லீ. பத்திரிகை நிருபராயிருந்த இவர், 1906ஆம் ஆண்டில் நிலக்கரிச் சுரங்க முதலாளிகளின் சார்பிற் பணியாற்றியபோது, பத்திராதிபர்களுக்கு ஒரு கொள்கை விளக்கம் அனுப்பினார். தம் வேலை இரகசியமானதன்று, யார் சார்பிற் பேசுகின்றோம் என்பதை மறைக்கமாட்டோம், தாம் தரும் விவரங்களைச் சரிபார்க்க உதவுவோம் என்பன அதன் சாரம். அவ்வாண்டு ஒற்றோபர் மாதத்தில், அற்லாந்திக் நகருக்கு அருகே புகையிரதம் ஒன்று பாலத்திலிருந்து நீரில் வீழ்ந்து 50 பேருக்கு மேல் மாண்டனர். விபத்தை மூடிமறைப்பதே அக்காலக் கம்பனிகளின் வழக்கம். லீயோ புகையிரதக் கம்பனியின் பெயராலேயே அறிக்கை வெளியிடச் செய்து, நிருபர்களையும் விபத்து நடந்த இடத்துக்கு அழைப்பித்தார். உண்மையைத் தானே முந்திக் கூறுபவனை உலகம் நம்பும் என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

எட்டு ஆண்டுகள் சென்றன. 1914 ஏப்பிரில் 20ஆம் நாள், கொலராடோ மாநிலத்து லட்லோவிலே, வேலைநிறுத்தஞ் செய்த சுரங்கத் தொழிலாளரின் கூடாரங்கள் தீக்கிரையாயின. கூடாரமொன்றின் கீழே தோண்டப்பட்ட குழியில் ஒளிந்திருந்த 2 பெண்களும் 11 சிறுவரும் மூச்சடைத்து மாண்டனர். சுரங்கம் றொக்பெல்லர் குடும்பத்தின் ஆதிக்கத்தில் இருந்தது. அவர்கள் லீயை அமர்த்தினர். அவர் பரப்பிய துண்டறிக்கைகளில், தொழிற்சங்கத் தலைவர்கள் பெற்ற ஊதியம் உண்மையிலும் பன்மடங்காகக் காட்டப்பட்டிருந்தது. மறு ஆண்டு விசாரணைக் குழுவின்முன், கம்பனியார் தந்த விவரங்களைத் தாம் சரிபார்க்கவில்லை என்று லீ ஒப்புக்கொண்டார். 1906இலே தாம் வகுத்த நெறியைத் தாமே கைவிட்டார் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

முரசு அறைபவர் முற்றாக மறைந்துகொள்வதும் உண்டு. 1929ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறன்று, நியூ யோர்க் நகரத்துப் பெருவீதியிலே இளம் பெண்கள் சிலர் சிகரெட் பற்றவைத்து நடந்தனர். பத்திரிகைகள் அதனைப் பெண்விடுதலைச் செயலாகக் கண்டு செய்தி வெளியிட்டன. அதனை ஏற்பாடு செய்த எட்வேட் பேர்னேய்ஸ் புகையிலைக் கம்பனியிடம் பணம் பெற்றவர்.  கூற வேண்டிய ஒன்று கூறப்படாமல் விடப்பட்டது.

இதனால் இத்தொழிலே தீயது என்று முடிவு செய்தல் தகாது. வெள்ளம் வருகின்றது, நோய் பரவுகின்றது, தடுப்பூசி போடப்படுகின்றது என்னும் செய்திகளை மக்களிடம் விரைந்து சேர்ப்பதற்கும் இதே திறமை வேண்டும். நல்ல பப்ளிசிஸ்ட் முதலாளியின் குரலை மக்களிடம் கொண்டுசெல்வதோடு, மக்களின் குறையை முதலாளியிடமும் எடுத்துரைப்பார்; பொய்யுரைக்கும்படி பணித்தால் மறுப்பார்.

கேட்பவராகிய நமக்கும் ஒரு கடமை உண்டு. ஒரு செய்தியைக் கேட்டவுடன் மூன்று வினாக்களை மனத்தில் எழுப்புவோம். இதனைக் கூறுபவர் யார்? அவருக்குப் பணம் கொடுப்பவர் யார்? இதிற் கூறாது விடப்பட்டது யாது? முரசின் ஓசை எவ்வளவு இனியதாயினும், அதனை அறைவித்தவரைத் திரும்பிப் பார்க்கும் பழக்கம் நமக்கு வேண்டும்.